எஸ்எஸ்ஹெச் வழியாக என்சிவியூ திறக்கவில்லை: "கான்ட் ஓப்பன் டிஸ்ப்ளே" என்று நிற்கிறது

நிலாவெளி_அலை
செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். உப்புவெளியில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். கடல் மேற்பரப்பு வெப்பநிலைத் தரவுதான் வேலை. ஃபைல்கள் எல்லாம் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தின் சேர்வரில் இருக்கின்றன. என் லப்டொப்பில் உபுண்டு. தூரத்துச் சேர்வருக்குள் பாதுகாப்பாகப் போகிற எஸ்எஸ்ஹெச் முறைக்குக் கீ தந்திருக்கிறார்கள், லொகின் ஆவதில் ஒரு சிக்கலும் இல்லை. கட்டளைகள் எல்லாம் ஓடுகின்றன.

பிரச்சினை படம் பார்க்கும்போதுதான். அங்கே என்சிவியூ என்ற, தரவு ஃபைலைப் படமாகக் காட்டுகிற நிரலை நிறுவியிருக்கிறார்கள். அதை ஓட்டினால் "எரர்: கான்ட் ஓப்பன் டிஸ்ப்ளே" என்று ஒரு வரி, அதன் பின் ஒரு முக்காற்புள்ளி, அதோடு முடிந்தது. இணையத்தில் தேடிப் பார்த்து, சேர்வரில் கட்டளை ஷெல் தொடங்கும்போது வாசிக்கிற பாஷ்ஆர்சி ஃபைலில் டிஸ்ப்ளே என்ற மாறிக்கு :0 என்று கொடுத்தேன். இப்போது முக்காற்புள்ளிக்குப் பிறகு :0 என்று காட்டுகிறது, மற்றபடி அதே பிழைதான்.

ஒரு வருட ஃபைல் 1.5 ஜிபி வரும். எனக்கு இருப்பது சிம் நெட். இறக்கிப் பார்ப்பது கட்டுப்படியாகாது. அந்தச் சேர்வருக்கு மொனிட்டர் இல்லாததால்தான் இப்படி வருகிறதா?

(போனில் தமிழ் கீபோர்டில் எழுதுகிறேன். பிழைச் செய்திகளை வாசிக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.)


உவர்மலை_ரூட்
செவ்வாய், இரவு 9.40

தங்கச்சி, மொனிட்டர் தேவையே இல்லை. படம் வரப்போவது உங்கள் லப்டொப் திரையில். அங்கே திரை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

லினக்ஸில் ஜன்னல்களை வரைகிற எக்ஸ் விண்டோ முறையில் எல்லோரும் குழம்புகிற இடம் இது. ஜன்னல் வரைந்து காட்டுகிற எக்ஸ் சேர்வர் உங்கள் மேசையில் இருக்கிற லப்டொப்தான். ஜெர்மனியில் ஓடுகிற என்சிவியூ அதன் கிளையன்ட். ":0" என்றால் "இந்த மெஷினிலேயே உள்ள முதல் திரை" என்று அர்த்தம். ஜெர்மனி மெஷினில் அப்படி ஒன்று கிடையாது. அதனால்தான் திறக்கவில்லை.

முதல் வேலை, பாஷ்ஆர்சியில் போட்ட அந்த வரியை அழித்துவிடுங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக வரும்போது டிஸ்ப்ளே மாறியைக் கையால் எழுதவே கூடாது. அதை எழுதுவது மறுமுனையில் எஸ்எஸ்ஹெச் இணைப்பை ஏற்கிற எஸ்எஸ்ஹெச்டி என்ற நிரலின் வேலை. எல்லாம் சரியாக அமைந்தால் அதுவே லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்று எழுதிவைக்கும். நீங்கள் போட்ட வரி கிடந்தால், அது எழுதினதன் மேல் உங்கள் :0 போய் உட்கார்ந்துவிடும்.

பிறகு வெளியே வந்து, எஸ்எஸ்ஹெச் கட்டளையில் கழித்தல் குறியும் பெரிய எக்ஸும் சேர்த்து மறுபடி லொகின் ஆகுங்கள். சின்ன எக்ஸ் வேண்டாம், அது ஃபார்வர்டிங்கை, அதாவது ஜன்னலை எஸ்எஸ்ஹெச் வழியாக இங்கே அனுப்புவதை, நிறுத்துகிற தெரிவு. உள்ளே போனதும் எக்கோ போட்டு டிஸ்ப்ளே மாறியில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். என்சிவியூவை இப்போதைக்குத் தொட வேண்டாம். எக்ஸ்குளொக் இருந்தால் அதை மட்டும் ஓட்டிப் பாருங்கள். மணிக்கூடு வந்தால் பாதை சரி.


பாலையூற்று_மச்சான்
செவ்வாய், இரவு 9.58

இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை. லப்டொப்பில் எக்ஸ்ஹோஸ்ட் என்று அடித்து ஒரு பிளஸ் போடுங்கள். எல்லாத் தடையும் போய்விடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.


சாம்பல்தீவு_பழசு
செவ்வாய், இரவு 10.21

தம்பி, தடை மட்டும் போகாது, காவலும் சேர்ந்து போகும். எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் என்றால் "என் திரையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், வாசிக்கலாம்" என்று எழுதிக் கொடுப்பது. எக்ஸில் ஒரு புரோகிராம் உள்ளே வந்துவிட்டால் மற்ற ஜன்னல்களில் நீங்கள் அடிக்கிற எழுத்துகளையும் கேட்கலாம். வங்கிக் கடவுச்சொல் உட்பட.

அதைவிட வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிள்ளையின் பிரச்சினைக்கு அது உதவவும் மாட்டாது. 2015இல் வந்த எக்ஸ்ஓர்க் 1.17இலிருந்து எக்ஸ் சேர்வர் நெட்வேர்க் போர்ட்டைத் திறப்பதே இல்லை, தனியாகச் சொன்னால்தான் திறக்கும். வெளியிலிருந்து ஒருவர் 6000ஆம் போர்ட்டைத் தட்டினாலும் உள்ளே ஆள் இல்லை.

நான் 90களில் வளைகுடாவில் ஒரு நிறுவனத்தில் சன் வேர்க்ஸ்டேஷன்களோடு வேலை செய்தவன். அப்போது டெல்நெட் என்ற பழைய தூர லொகினில் போய், டிஸ்ப்ளேயைக் கையால் எழுதி, எக்ஸ்ஹோஸ்ட் போட்டுத்தான் எல்லோரும் ஓட்டினோம். எக்ஸ் 1984இல் எம்ஐடியில் தொடங்கினது, 11ஆம் பதிப்பு 1987. அன்றைக்கு நெட்வேர்க்கில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் நம்பினார்கள். பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வேர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட பிறகுதான் தாத்து யுலோனென் 1995இல் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். இணையத்தில் இன்றைக்கும் கிடக்கிற எக்ஸ்ஹோஸ்ட் ஆலோசனைகள் அதற்கு முந்தின காலத்து மிச்சம்.


நிலாவெளி_அலை
புதன், காலை 6.50

ரூட் அண்ணா, நீங்கள் சொன்னபடி வரியை அழித்துவிட்டுப் பெரிய எக்ஸ் போட்டேன். லொகின் ஆனது. ஆனால் முதல் வரியிலேயே இது வந்தது: "எக்ஸ்11 ஃபார்வர்டிங் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட் ஆன் சனல் 0". டிஸ்ப்ளே மாறி வெறுமையாக இருக்கிறது.

பழசு ஐயா, எக்ஸ்ஹோஸ்ட்டைத் தொடவில்லை.


உவர்மலை_ரூட்
புதன், காலை 8.15

நல்லது. இது முந்தினதைவிட நல்ல பிழை. நீங்கள் கேட்டீர்கள், மறுமுனை மறுத்துவிட்டது. அதாவது உங்கள் பக்கம் சுத்தம். லப்டொப்பில் டிஸ்ப்ளே இல்லாவிட்டால் கேட்டிருக்கவே மாட்டாது, எச்சரிக்கையும் வந்திருக்காது.

மறுமுனை மறுக்க வழக்கமாக மூன்று காரணம்.

எஸ்எஸ்ஹெச்டி கொன்ஃபிக்கில் எக்ஸ்11ஃபார்வர்டிங் நோ என்று இருப்பது ஒன்று. எஸ்எஸ்ஹெச்சின் பரவலான வடிவமான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் மூல இயல்பே நோதான். டெபியன், உபுண்டு சேர்வர்களில் பொதிக்காரர், அதாவது மென்பொருளை நிறுவும் பொதியாகத் தயாரிக்கிறவர், யெஸ் போட்டுத் தருவதால் நம் ஆட்களுக்கு அது தெரிவதில்லை.

எக்ஸ்ஆத் என்ற சின்ன நிரல் சேர்வரில் இல்லாதது அடுத்தது. மொனிட்டர் இல்லாத சேர்வரை மெலிதாக நிறுவும்போது அதை விட்டுவிடுவார்கள். அது இல்லாமல் குக்கியை, அதாவது திரையில் வரைய அனுமதி காட்டுகிற இரகசியக் குறியை, எழுத வழியில்லை என்பதால் எஸ்எஸ்ஹெச்டி அப்படியே மறுத்துவிடும்.

மூன்றாவது கொஞ்சம் நரித்தனமானது. சேர்வரில் ஐபி 6 என்ற புது இணைய முகவரி முறையை யாராவது பாதியில் நிறுத்தியிருந்தால் எஸ்எஸ்ஹெச்டிக்கு 6010ஆம் போர்ட்டில் உட்கார முடியாமல் போகும். கொன்ஃபிக்கில் அட்ரஸ்ஃபாமிலி ஐநெட் என்று போட்டால் சரியாகும்.

எது என்று ஊகிக்க வேண்டாம். கட்டளையில் கழித்தல் சின்ன வி சேர்த்து லொகின் ஆகுங்கள். நிறைய டிபக் வரிகள் ஓடும். அதில் "ரிமோட்" என்று தொடங்குகிற வரியை மட்டும் தேடுங்கள். எக்ஸ்ஆத் இல்லையென்றால் சேர்வரே அதைச் சொல்லி அனுப்பும். கொன்ஃபிக்கில் நோ என்றால் சொல்லாது, தன் லொக்கில் மட்டும் எழுதிக்கொள்ளும்.


நிலாவெளி_அலை
புதன், காலை 8.42

வந்துவிட்டது! "ரிமோட்: நோ எக்ஸ்ஆத் புரோகிராம், கனொட் ஃபார்வர்ட் வித் ஸ்பூஃபிங்."

எனக்கு அங்கே ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லை. அட்மினுக்கு எப்படிக் கேட்பது? போன தடவை ஒன்று கேட்டதற்கு "இது டெஸ்க்டொப் அல்ல, கணிப்புச் சேர்வர்" என்று ஒரு வரியில் பதில் வந்தது.


உவர்மலை_ரூட்
புதன், காலை 8.55

அதே பதில் மறுபடி வராதபடி எழுதுங்கள். மெயிலை இரண்டு வரியில் முடியுங்கள். முதல் வரியில் அந்த ரிமோட் செய்தியை அப்படியே ஒட்டுங்கள். இரண்டாவது வரியில், எக்ஸ்ஆத் பொதி மட்டும் போதும், எக்ஸ் சேர்வரோ டெஸ்க்டொப்போ வேண்டாம், எஸ்எஸ்ஹெச்டியை மறுபடி தொடங்கவும் தேவையில்லை என்று சொல்லுங்கள். டெபியன் குடும்பம் என்றால் பொதியின் பெயர் எக்ஸ்ஆத். ரெட்ஹற் குடும்பம் என்றால் எக்ஸ்ஓர்க்-எக்ஸ்11-எக்ஸ்ஆத்.

அட்மின்மார் கோபக்காரர்கள் இல்லை. "படம் வரவில்லை, உதவுங்கள்" என்ற மெயில்களைப் படித்துக் களைத்தவர்கள்.


கிண்ணியா_நானா
புதன், பகல் 12.30

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி ஒன்று, புதிதாக இழை தொடங்க மனமில்லை. கிண்ணியாவில் காக்காவின் கடையில் ஒரு உபுண்டு பெட்டி. டவுனிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் பெரிய எக்ஸோடு போகிறேன். சாதாரணமாக ஜன்னல்கள் வருகின்றன. சூடோ போட்டு ரூட்டாகி, டிஸ்க்கைப் பிரிக்கிற ஜிபார்ட்டெட்டைத் திறந்தால் மட்டும் "ரோங் ஒத்தென்டிகேஷன்" என்று மறுக்கிறது. ரூட் எல்லாம் செய்யலாம் என்றல்லவா சொல்வார்கள்?


உவர்மலை_ரூட்
புதன், பகல் 1.05

நானா, ரூட் அந்தப் பெட்டிக்குள்தான் ராஜா. திரை உங்கள் டவுன் லப்டொப்பில் இருக்கிறது, அது ரூட்டைத் தெரியாது. அது கேட்பது குக்கி. குக்கி உங்கள் வீட்டு டைரக்டரியில் புள்ளி எக்ஸ்அதோரிட்டி என்ற ஃபைலில் கிடக்கிறது. சூடோ போட்டதும் வீடு மாறி ரூட்டின் டைரக்டரியில் போய்த் தேடுகிறது. அங்கே அது இல்லை.

சூடோ கட்டளையிலேயே எக்ஸ்அதோரிட்டி மாறியை உங்கள் ஃபைலின் முழுப் பாதையாகக் கொடுத்து ஓட்டுங்கள். இல்லையென்றால் முதலில் உங்கள் பெயரில் எக்ஸ்ஆத் லிஸ்ட் போட்டு, வருகிற வரியை ரூட்டாகி எக்ஸ்ஆத் ஆட் என்று சேர்த்துவிடுங்கள்.

ஸ்னாப் பொதியாக வந்த ஃபயர்பொக்ஸ் திறக்காமல் அடம்பிடித்தாலும் இதே மருந்துதான். எக்ஸ்அதோரிட்டி மாறியை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள்.

ஆனால் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கிற கடைப் பெட்டியின் டிஸ்க்கைத் தூர இருந்து ஜிபார்ட்டெட்டில் வெட்டுவதை நான் செய்யமாட்டேன். நடுவில் லைன் அறுந்தால் ஜன்னலோடு வேலையும் போகும்.


கிண்ணியா_நானா
புதன், பகல் 1.20

சரி வந்தது. வெட்டவில்லை, எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கத்தான்.


சாம்பல்தீவு_பழசு
புதன், பகல் 1.34

இடம் பார்க்க டிஎஃப் என்ற இரண்டெழுத்துப் போதுமே நானா.


நிலாவெளி_அலை
வியாழன், மாலை 5.10

அட்மின் ஒரே மணித்தியாலத்தில் நிறுவித் தந்தார். எக்கோ போட்டால் லோக்கல்ஹோஸ்ட்:10.0. எக்ஸ்குளொக் ஓட்டினேன், என் திரையில் வட்ட மணிக்கூடு வந்து நிற்கிறது. ஜெர்மனி நேரம் காட்டுகிறது! என்சிவியூவும் திறந்தது.

ஆனால் இரண்டு புதுச் சோலி. நான் எப்போதும் டிமக்ஸுக்குள், அதாவது லைன் விழுந்தாலும் சேர்வரில் ஷெல்லை உயிரோடு வைத்திருக்கிற நிரலுக்குள், வேலை செய்கிறவள், ஏனென்றால் இங்கே நெட் அடிக்கடி விழும். விழுந்து மறுபடி போய் டிமக்ஸை ஒட்டினால் மறுபடி "கான்ட் ஓப்பன் டிஸ்ப்ளே லோக்கல்ஹோஸ்ட்:10.0". டிமக்ஸுக்கு வெளியே ஓட்டினால் வேலை செய்கிறது.

மற்றது வேகம். என்சிவியூவின் பட்டன்கள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. ஒரு கலர் வரைபடம் மாற்றினால் எழுந்து போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வரலாம்.


பாலையூற்று_மச்சான்
வியாழன், மாலை 5.32

டிமக்ஸ் விஷயம் எனக்குத் தெரியும், நானும் பட்டது. முதல் தரம் போனபோது கிடைத்த எண் 10. லைன் விழுந்ததும் அந்தப் பழைய இணைப்பு சேர்வரில் கொஞ்ச நேரம் சாகாமல் கிடக்கும், 10ஐப் பிடித்துக்கொண்டு. நீங்கள் புதிதாகப் போனதும் 11 தரும். ஆனால் டிமக்ஸுக்குள் ஏற்கெனவே திறந்திருக்கிற ஷெல்லுக்கு அது தெரியாது. அது 10 என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

டிமக்ஸில் புது ஜன்னல் ஒன்று திறந்து அதில் ஓட்டுங்கள். ஒட்டும்போது டிமக்ஸ் டிஸ்ப்ளே மாறியைப் புதுப்பிக்கும், ஆனால் புதிதாகத் திறக்கிற ஷெல்களுக்கு மட்டும்தான்.


உவர்மலை_ரூட்
வியாழன், மாலை 5.50

மச்சான் சொன்னது அச்சொட்டு. லப்டொப்பில் எஸ்எஸ்ஹெச் கொன்ஃபிக் ஃபைலில் சேர்வர்அலைவ்இன்டர்வல் 60 என்று ஒரு வரியும் போடுங்கள். சும்மா இருக்கும்போது இடையில் உள்ள ரவுட்டர்கள் லைனை மறந்துவிடுவது குறையும்.

ஒரு எச்சரிக்கை. டிமக்ஸ் ஷெல்லைத்தான் காப்பாற்றும், ஜன்னலை அல்ல. லைன் விழுந்தால் திறந்திருந்த என்சிவியூ செத்ததுதான்.


கோணேசபுரி_மாணவன்
வியாழன், இரவு 7.15

அண்ணாமார், நான் மக்புக்கில் எக்ஸ்குவார்ட்ஸ் என்ற எக்ஸ் சேர்வரைப் போட்டு இதே வழியில் பாவிக்கிறேன். எல்லாம் வடிவாக வரும். கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாக ஒரு ஜன்னல் திறந்தால் மறுக்கும். ஏற்கெனவே உள்ள லொகின் அப்படியே இருக்கும். இது என்ன கூத்து?


உவர்மலை_ரூட்
வியாழன், இரவு 7.40

கொஞ்ச நேரம் என்பது 20 நிமிடமா என்று பாருங்கள். பெரிய எக்ஸ் போட்டால் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மறுமுனையை நம்பாத முறையில் இணைக்கும். அந்த அனுமதிக்கு இயல்பாக 20 நிமிட ஆயுள். ஃபார்வர்ட்எக்ஸ்11டைம்அவுட் என்ற அமைப்பால் அதைக் கூட்டலாம். பெரிய வை போட்டால் நம்பும் முறை, அதில் இந்தக் கெடு இல்லை, ஆனால் அந்தச் சேர்வரில் ரூட்டாக இருக்கிற எவரும் உங்கள் திரையைப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரிந்த ஆட்கள் நடத்துகிற சேர்வர் என்றால் வை போடுங்கள்.

உபுண்டுக்காரர்களுக்கு இது வராது. டெபியன் குடும்பத்தில் எக்ஸ் போட்டாலும் வை போட்டாலும் ஒன்றுதான், பொதிக்காரர் நம்பும் முறையையே இயல்பாக்கி வைத்திருக்கிறார்கள். அது நல்லதா என்று என்னைக் கேட்டால், இல்லை.


சாம்பல்தீவு_பழசு
வியாழன், இரவு 8.30

பிள்ளையின் வேகப் பிரச்சினைக்கு ஒருவரும் வரவில்லை. நான் சொல்கிறேன்.

எக்ஸ் பிறந்தது ஒரே கட்டடத்து ஈதர்நெட்டில். புரோகிராம் ஒவ்வொன்றாகக் கேட்கும்: இந்த எழுத்துரு இருக்கிறதா, இந்த நிறம் தருவாயா, இந்த ஜன்னலுக்கு எவ்வளவு அகலம். பதில் வரும்வரை பல இடங்களில் நின்று காத்திருக்கும். கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்து, மறுபடி போய்ச் சீனி வாங்கி வந்து, மறுபடி போய் மல்லி வாங்குகிற மாதிரி. கடை பக்கத்து வீடு என்றால் பரவாயில்லை. கடை ஜெர்மனியில்.

போய்வர 200 மில்லிசெக்கன் என்று வைப்போம். ஒரு ஜன்னல் முழுதாக வர இப்படி 300 தடவை போய்வந்தால் முழுசாக ஒரு நிமிடம். உங்கள் நெட்டை எத்தனை எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்த்தினாலும் அந்த நிமிடம் குறையாது, தூரம் குறையவில்லையே. எஸ்எஸ்ஹெச்சில் பெரிய சி போட்டுச் சுருக்கச் சொல்வார்கள். அது அளவைக் குறைக்கும், நடையைக் குறைக்காது.


பாலையூற்று_மச்சான்
வியாழன், இரவு 8.52

அதற்குத்தான் விஎன்சி. சேர்வரிலேயே ஒரு திரையை உண்டாக்கி, படத்தை மட்டும் இங்கே அனுப்பும். கேள்வி பதில் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். லைன் விழுந்தாலும் ஜன்னல் அப்படியே இருக்கும்.


உவர்மலை_ரூட்
வியாழன், இரவு 9.05

கொள்கை சரி, ஆனால் முழு டெஸ்க்டொப்பையும் நிறுவ அந்த அட்மின் சம்மதிக்கமாட்டார், மேலே வாசியுங்கள். எனக்குப் பிடித்தது எக்ஸ்பிரா. விஎன்சி செய்கிற அதே வேலை, ஆனால் டெஸ்க்டொப் இல்லாமல் ஒரு ஜன்னலுக்கு மட்டும். எஸ்எஸ்ஹெச் வழியாகவே ஓடும். கழற்றிவிட்டு மறுநாள் ஒட்டலாம். இரண்டு முனையிலும் நிறுவ வேண்டும் என்பதுதான் குறை.

விஎன்சியே வேண்டும் என்றால், யாராக இருந்தாலும் 5901ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறக்க வேண்டாம். சேர்வரில் லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் கேட்க வைத்து, எஸ்எஸ்ஹெச்சில் பெரிய எல் தெரிவால் 5901ஐ லப்டொப்புக்குச் சுரங்கமாக இழுங்கள்.


கோணேசபுரி_மாணவன்
வியாழன், இரவு 9.20

பராவியூ மாதிரி முப்பரிமாணப் புரோகிராம்களுக்கும் எக்ஸ்பிரா சரிவருமா? எனக்கு எக்ஸ் வழியாகப் போனால் லிப்ஜிஎல் எரர் என்று வரிசையாகக் கொட்டுகிறது.


உவர்மலை_ரூட்
வியாழன், இரவு 9.31

அது வேறு உலகம். முப்பரிமாணம் வரைகிற ஓப்பன்ஜிஎல் கட்டளைகளை நெட்வேர்க் வழியாக அனுப்புவதை எக்ஸ்ஓர்க் 1.17இலேயே இயல்பாக மூடிவிட்டார்கள். சேர்வரில் கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் வெர்ச்சுவல்ஜிஎல் தேடிப் பாருங்கள், அங்கேயே வரைந்து படமாக அனுப்பும். பராவியூவுக்குச் சொந்தமாகவே சேர்வர் முறை இருக்கிறது, அதுதான் நேர்வழி. தனி இழை போடுங்கள், இதற்குள் வேண்டாம்.


சாம்பல்தீவு_பழசு
வியாழன், இரவு 9.47

எக்ஸ்பிராவா விஎன்சியா என்று நீங்கள் பிடுங்குப்படுங்கள். நான் பிள்ளையிடம் ஒன்று கேட்கிறேன். முழு உலகத்தின் தரவும் உங்களுக்கு எதற்கு? நீங்கள் பார்க்கிறது எந்தக் கடல்?


நிலாவெளி_அலை
வெள்ளி, காலை 6.30

ஐயா, எங்கள் கிழக்குக் கடல்தான். திருகோணமலைக்கு வெளியே ஆழக்கடல் பள்ளத்தாக்கு இருக்கிறதல்லவா, அந்தப் பகுதியும் சுற்றியும். வடகீழ்ப் பருவக்காற்றுக்கு முன்னும் பின்னும் மேற்பரப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கிறோம். ஃபைல் மட்டும் உலகம் முழுவதுக்கும். கால் பாகைக் கட்டம், நாளுக்கு ஒன்று.


சாம்பல்தீவு_பழசு
வெள்ளி, காலை 7.05

அப்படியென்றால் கணக்கைப் பாருங்கள். கால் பாகை என்றால் உலகம் 1440க்கு 720 கட்டம், 10,36,800 புள்ளி. திருகோணமலை கிட்டத்தட்ட வடக்கு 8.6, கிழக்கு 81.2. சுற்றிவர கிழக்கு 80இலிருந்து 84 வரை, வடக்கு 6இலிருந்து 11 வரை ஒரு பெட்டி வெட்டினால் 16க்கு 20, வெறும் 320 புள்ளி. புள்ளிக்கு 4 பைட், 365 நாள். அரை எம்பிகூட வராது. 1.5 ஜிபியைத் தூக்கிக்கொண்டு ஏன் அலைகிறீர்கள்?

சேர்வரில் சிடிஓ இருக்கும், காலநிலைக்காரர் எல்லோரும் பாவிக்கிறது. செல்லொன்லட்பொக்ஸ் என்ற செயலிக்கு 80, 84, 6, 11 என்று கமாவால் பிரித்துக் கொடுங்கள், பிறகு உள்ளே போகிற ஃபைல், வெளியே வருகிற ஃபைல். அதை எஸ்சிபியில் இறக்குங்கள். என்சிவியூவை லப்டொப்பிலேயே நிறுவுங்கள், உபுண்டு களஞ்சியத்தில் இருக்கிறது. எக்ஸும் வேண்டாம், சுரங்கமும் வேண்டாம்.


உவர்மலை_ரூட்
வெள்ளி, காலை 7.20

ஐயா, இதைச் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமே!


சாம்பல்தீவு_பழசு
வெள்ளி, காலை 7.28

செவ்வாய்க்கிழமை பிள்ளை கேட்டது டிஸ்ப்ளே ஏன் திறக்கவில்லை என்று. அதற்கு நீர் சரியாகத்தான் பதில் சொன்னீர். அதுவும் வீண் போகவில்லை, வெட்டுவதற்கு முன் எந்த ஃபைல் என்று ஒரு பார்வை பார்க்க அந்த வழி வேண்டும்.


நிலாவெளி_அலை
வெள்ளி, காலை 10.15

சிடிஓ இருந்தது. வெட்டி இறக்கிவிட்டேன், ஃபைல் வந்தது தெரியவே இல்லை. இங்கே என்சிவியூவில் நாட்களை ஓடவிட்டால் கெதியாக ஓடுகிறது. கரையோரப் புள்ளிகள் சில வெறுமையாக வருகின்றன, அது நிலம் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று. இன்று காலை லொகின் ஆகும்போது நெடுநேரம் நின்று, பிறகு "எக்ஸ்ஆத்: டைம்அவுட் இன் லொக்கிங் அதோரிட்டி ஃபைல்" என்று வந்தது. இப்போது எக்ஸ் தேவைப்படாவிட்டாலும் அந்தக் காத்திருப்பு எரிச்சலாக இருக்கிறது.


கிண்ணியா_நானா
வெள்ளி, காலை 10.40

தங்கச்சி, இது எனக்கும் கடைப் பெட்டியில் வந்தது. எக்ஸ்ஆத் எழுதிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் பூட்டு ஃபைல்கள் மிச்சமாகிவிடும். வீட்டு டைரக்டரியில் புள்ளியோடு எல்எஸ் போட்டுப் பாருங்கள். எக்ஸ்அதோரிட்டி என்ற பெயருக்குப் பின்னால் கழித்தல் குறியும் சி அல்லது எல் என்ற எழுத்தும் இருந்தால் அவற்றை மட்டும் அழியுங்கள். மூல ஃபைலை விட்டுவிடுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் கோட்டா நிரம்பியிருக்கிறதா பாருங்கள். இடம் இல்லாவிட்டால் அதனால் எழுத முடியாது. நீங்கள் வெட்டின ஃபைல்கள் சின்னன், ஆனால் அதற்கு முன் கொப்பி எடுத்தவை அங்கேயே கிடக்குமே.


நிலாவெளி_அலை
வெள்ளி, காலை 11.02

சி ஒன்றும் எல் ஒன்றும் இருந்தன, அழித்தேன். உடனே லொகின் ஆனது. கோட்டாவும் 96 வீதம். பழைய கொப்பிகளை இப்போது அழித்துக்கொண்டிருக்கிறேன், நானா.